பிறந்த வீட்டுக் கோடிச்சேலை

திருப்பூரில் திட்டு வாங்கும்போதும் மரியாதைக்குக் குறைவில்லை. இன்று காலை குழாயடியில் குடம் நிறைந்து வழிவது தெரியாமல் வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரம்மா சரசக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க தம்பி, தண்ணி ரோட்டுல ஓடுதுங்க, நீங்க எருமையாட்ட நின்னுட்டிருக்கறீங்களே" என்றார். எருமைக்கு முன்னும் பின்னும் 'ங்க'. வன்னியில் எருமை என்றால் வெறும் எருமைதான், கூடவே தகப்பன் பெயரும் வந்து விழும். வேலம்பாளையத்துக்கு வந்த புதிதில், எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறேன். மூன்று வருடத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். இவர்கள் இவ்வளவு மரியாதையோடு ஒன்றைக் கொடுத்தால் அதை வேண்டாம் என்று சொல்ல நம்மால் முடியாது. திட்டு என்றால் துடைத்துவிட்டுப் போகலாம். எல்லாம் திட்டாக இருப்பதில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். "கிபிர் வருது" என்று குண்டு விமானத்தின் பெயரைக் கத்தி முழு வகுப்பையும் பங்கருக்குள் இறக்கிவிட்டுக் கணக்குப் பாடத்தைக் கலைத்தவன் நான்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. 2006இல் படகேறி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, இங்கே பனியன் கம்பெனியில் தையல்காரருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலையில் சேர்ந்தேன். பிறகு சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. வேலம்பாளையத்திலும் மண்ணரையிலும் இருக்கும் நம் குடும்பங்களுக்கு உளசமூக ஆதரவு கொடுக்கப் போகிறார்களாம். நம்முடைய தமிழ் பேசும் ஆள் வேண்டும், வாயும் வேண்டும். என்னிடம் வேறு சொத்து இல்லை. ஐந்து நாள் பயிற்சி தந்து, கழுத்தில் அட்டை மாட்டி, என்னைக் கள ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள்.

பயிற்சியில் நல்ல விஷயங்களும் இருந்தன. ஆலோசனை சொல்லாதே, காது கொடு. பொய் நம்பிக்கை தராதே. கெட்ட செய்தி சொல்ல நேர்ந்தால் முதலில் ஆளை உட்கார வை, அமைதியாக இரு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல். இதை நம் பெண்களின் குழுவில் நடித்தே காட்டினேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "அக்கா, உங்கட ஆடு இருக்கெல்லோ..." என்று இழுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். கூடச் சிரித்தவர்தான் மகேஸ் அக்கா.

மகேஸ் அக்கா செக்கிங்கில் வேலை. தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, பழுது இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மகளோடு சரசக்காவின் லைன் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார். கணவர் தவராசா, எங்களுக்குத் தவம் அண்ணை, வன்னியிலேயே நின்றுவிட்டார். எங்கள் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். காற்றடிக்கப் போனால் காசு வாங்க மாட்டார், ஆனால் நாமே பம்பை அமுக்க வேண்டும். "அண்ணை, இது கடையோ, உடற்பயிற்சிச் சாலையோ?" என்று கேட்டு அவரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். 2009 தொடக்கத்தில் சண்டை இறுகியபோது அவருடைய தொலைபேசி நின்றுபோனது. கடைசியாக எடுத்தபோது, மகளுக்கு ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்துவிட்டதா என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அவர் இருக்கிறார் என்றும் செய்தி இல்லை, இல்லை என்றும் இல்லை.

அந்த நாட்களில்தான் எங்கள் நிறுவனத்து மேடம் சென்னையிலிருந்து ஒரு புதிய நிகழ்ச்சியோடு வந்தார். பெயர் நம்பிக்கை மேசை. தொடர்பு அறுந்துபோனவர்களின் படங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பூ வைத்து, குடும்பத்தார் அவர்களைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் எனக்குப் பேசத் தெரிந்தது ஒரே விதம்தான்.

"மேடம், எங்கட ஊரில படத்துக்கு முன்னால பூ வைச்சா, அடுத்ததாத் திவசத்துக்குச் சமையல்காரரைத்தான் தேடுவினம்" என்றேன்.

மேடம் குலுங்கிச் சிரித்தார். "உங்க கிட்ட எனக்குப் பிடிச்சதே இதுதான் தம்பி. குரூப்பையும் இப்படியே ஜாலியா வச்சுக்கோங்க."

பகிடியை விட்டுவிட்டு இன்னொரு தரம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாலை போடாமல், விளக்கு ஏற்றாமல் விட்டால் போதும் என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன்.

சரசக்காவின் கணவர் பழனிச்சாமி அண்ணன் கீழ்த்தளத்தில் பத்து மெஷின் போட்டுப் பனியன் தைத்துக் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மெஷின்களை ஒதுக்கி இடம் கொடுத்தார். செக்கிங் மேசையில் ஆறு படங்கள், ஆறு செவ்வந்திப் பூக்கள். மகேஸ் அக்கா ஒரு பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். கூட்டத்தின் பாதியில் சரசக்கா எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார். மேசையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். "இதுல மகேசு ஊட்டுக்காரரு எவருங்க தம்பி?" என்று என் காதோடு கேட்டார். காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். உளசமூக ஒருங்கிணைப்பாளரான எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. காப்பியில் சீனி போதாது என்று பகிடி விட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை, கூட்டத்தில் எடுத்த புகைப்படங்களைக் கொடுக்க மகேஸ் அக்காவின் அறைக்குப் போனேன். அவர் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருந்தாள். "இருந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றார். "போன தரம் தின்ற புட்டுக்கே இன்னும் தாடை நோகுது அக்கா" என்றேன். அப்போது வாசலில் செருப்புகள் கழலும் சத்தம். சரசக்கா, பழனிச்சாமி அண்ணன், லைன் வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர். 'வாங்கோ' என்று சொல்வதற்குள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. "தேத்தண்ணி போடட்டோ?" என்று அக்கா கேட்டார். பழனிச்சாமி அண்ணன் கையிலிருந்த தட்டை முன்னால் நீட்டினார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை. சரசக்காதான் பேசினார்.

"கண்ணு, உனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இந்த ஊர்ல இல்லீன்னு எங்களுக்குத் தெரியும். கோடி போட ஆளில்லாம நீ நிக்கக் கூடாது. அதான் எங்க ஊட்டுக்காரரு அண்ணனா நின்னு போடறாரு. வாங்கிக்க கண்ணு."

கணவன் இறந்தவளுக்குப் பிறந்த வீட்டார் எடுத்துவரும் கோடி அது. மகேஸ் அக்கா சேலையைப் பார்க்கவில்லை. மா ஒட்டிய கைகளோடு என்னைப் பார்த்தார்.

"எப்ப செய்தி வந்தது, தம்பி?"

"செய்தி ஒண்டும் வரேல்லை அக்கா."

"இருத்தி வைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லத்தானே வந்தனி. பகிடியும் விட்டுப் பாத்தனி, என்ன?"

"சத்தியமா இல்லை அக்கா. இவை அந்தப் படத்துக்குப் பூ வைச்சதைப் பாத்திட்டு..."

அதற்குள் ஒரு பெண் அழத் தொடங்கினாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் சரசக்காவிடம் குனிந்து, "அக்கா, அவர் சாகலீங்க. தகவல்தாங்க இல்லை" என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "மொதல்ல எல்லாருக்கும் அப்புடித்தாங்க தம்பி தோணும். மனசு ஒத்துக்காதுங்க." பயிற்சியில் எனக்கும் ஏறக்குறைய இதையேதான் சொல்லித் தந்திருந்தார்கள். பழனிச்சாமி அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். மகேஸ் அக்கா எழுந்து, கையைக் கழுவித் துடைத்து, சேலையை வாங்கிக்கொண்டார்.

அவர்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போன பிறகு, நானே போய் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். அக்கா விடவில்லை. "கோடியைத் திருப்பிக் குடுத்தா அந்தக் கேடு அவையின்ர வீட்டுக்கெல்லோ போகும். அந்த மனிசன் அழுதுகொண்டு நிண்டவர். இந்த ஊரில எனக்காக வேற ஆர் அழுதது? நீ அழுதனியோ?" என்றார். மேடத்திடம் தொலைபேசியில் எல்லாம் சொன்னேன், இந்த முறை பகிடி கலக்காமல். கடைசிவரை கேட்டுவிட்டு, "உள்ளூர் மக்களோட சப்போர்ட் இவ்வளவு இருக்கே, இதையே ஒரு கேஸ் ஸ்டடியா எழுதுங்க" என்றார்.

அன்றிலிருந்து நான் சொல்லும் எதையும் அக்கா நம்புவதில்லை. "இந்தக் கிழமை ஏதும்?" என்று கேட்பார். "இல்லை அக்கா" என்றால் என் முகத்தில் தேடுவார். சிரித்தால் எதையோ மறைக்கிறேன், பேசாமல் இருந்தால் அமைதியாக இருந்து கெட்ட செய்தி சொல்லப் போகிறேன் என்று நினைப்பார். சண்டை முடிந்ததும் அங்கே சனத்தை அடைத்துவைத்த முகாம்களின் பெயர்ப்பட்டியல்களை வாங்கி விரல் வைத்துத் தேடினேன். எத்தனையோ தவராசாக்கள். ஒருவருடைய முகவரியிலும் எங்கள் சந்தி இல்லை. இதை வாசிப்பவர்களில் யாராவது சைக்கிள் கடைத் தவம் அண்ணையைக் கண்டிருந்தால், நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் இப்போது இருப்பதைவிடப் பரவாயில்லை.

இங்கே வாழ்க்கை நடக்கிறது. பழனிச்சாமி அண்ணன் அக்காவை இப்போது தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார். கோயிலில் கிடாய் வெட்டினால் தங்கச்சி வீட்டுப் பங்கு தனியாக வருகிறது. அந்த அண்ணனுடைய முகத்துக்காக, அக்கா வெளியே இறங்கும்போது பொட்டை அழித்துவிட்டுப் போகிறார். கம்பெனி விட்டு வந்து கதவைச் சாத்தியதும் மகளைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லிக் குங்குமம் வைத்துக்கொள்கிறார். யாராவது கதவைத் தட்டினால் "ஆர்?" என்று கேட்பார். இந்த ஊர்க் குரல் என்றால் பொட்டைக் கழுவிக் கதவு திறக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். என் குரல் என்றால் உடனே திறக்கும், நெற்றியில் பொட்டோடு.

போன கிழமை போய்த் தட்டினேன். "ஆர்?" என்றார். "நான்தான் அக்கா" என்றேன். உள்ளே தண்ணீர் மோக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தபோது அவருடைய நெற்றி ஈரமாக இருந்தது.