ஈரம் காயாத விரல்கள்

அம்மாவுக்கு ராயபுரத்தில் இறால் உரிக்கிற வேலை. காலையிலிருந்து மதியம் வரை கை ஐஸ் தண்ணீரிலேயே கிடக்கும். விரலிடுக்குகள் வெளுத்து ஊறி, தோல் வெடித்து, ஓயாமல் அரிக்கும். சோறு பிசையும்போது உப்பு பட்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

நான் அப்போது ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவி. நொச்சி இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் விட்டால் மெல்ல டீ நிறத்துக்கு மாறும். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உருவாகிவிட்டன என்று அர்த்தம். அவை தோலில் வரும் பூஞ்சையைக் கொல்லுமா என்பதுதான் என் ஆய்வு. கொன்றன. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் வளர்த்த பூஞ்சை, நான் சொட்டுவிட்ட இடத்தைச் சுற்றி வளரவேயில்லை.

அந்தத் தட்டைப் போனில் படமெடுத்து அம்மாவிடம் காட்டியது என் தப்பு.

"இத்தினி நாளா ஏன் சொல்லல? நாளிக்கே ஒரு பாட்டில்ல எட்த்தாந்து குடு."

"அது மருந்து இல்லம்மா. மனுசங்களுக்குப் போட்டுப் பாக்கல. தோலு வெந்துட்டா?"

"இப்ப மட்டும் இன்னா, பூவாட்டமா கீது?"

நான் தரவில்லை. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பூஞ்சைதான் என்று களிம்பு எழுதிக்கொடுத்து, கை ஈரமாகவே இருக்கக் கூடாது என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். கையுறை வாங்கித் தந்தேன். இறால் வழுக்குகிறது என்று இரண்டாம் நாளே கழற்றிவிட்டாள்.

பிறகு மெடிக்கல் கடையில் ஏதோ ஒரு ட்யூப் வாங்கினாள். அரிப்பு உடனே நின்றது. திருப்பிப் பார்த்தேன், ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்த்துவிடும், வேண்டாமென்று கெஞ்சினேன்.

"நீயும் தரமாட்ட, தர்றவனையும் வாணான்ற."

மாதம் முடிவதற்குள் புண் புறங்கைக்கு ஏறிவிட்டது.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. வேலை நின்றது, கை காய்ந்தது. டாக்டர் தந்த அதே களிம்பு இப்போது கேட்டது. புதுத்தோல் வந்ததும் அம்மா பல வருஷம் கழித்து மருதாணி வைத்துக்கொண்டாள்.

தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போயின. அம்மாவும் இறால் உரிக்கிற ஷெட்டுக்குத் திரும்பினாள். கொஞ்ச நாளில் எல்லாம் பழையபடி வந்துவிட்டது.

என் ஆய்வுக் கட்டுரையை ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்ட அன்று லட்டு வாங்கிப் போனேன். கை எரிகிறது, ஊட்டிவிடு என்றாள். ஊட்டினேன்.

"இப்பவாச்சும் தருவியா?"

"இன்னும் எலிக்குப் போட்டுப் பாக்கணும்மா. அதுக்கப்புறம்தான் மனுசங்களுக்கு."

"எத்தினி வருசம் ஆவும்?"

தெரியாது என்றேன். மென்றுகொண்டே தலையாட்டினாள். அதற்கப்புறம் அவள் கேட்டதேயில்லை.