அண்ணன் மறுக்காத பரிவட்டம்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் தங்கையின் வணக்கம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரையாவது நோகடித்துவிடுவேனோ என்ற பயத்தில் எழுதி எழுதிக் கிழித்தேன்.

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணன் இராணுவச் சீருடையில் நிற்கிறார். இத்தனை வருடம் அந்தப் படம் என் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. ஒளித்து வைத்தவள் நான்தான்.

அண்ணன் டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக நிற்கும் ஒற்றை அறைகளில் கடைசிக் காம்பிராவில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன் நன்றாகச் சிங்களம் பேசுவார். அதை வைத்துக்கொண்டு ஆமியில் சமையல்காரராகச் சேர்ந்தார். சண்டை நடந்த காலம். தமிழ் ஆள் ஆமியிலா என்று யார் என்ன கேட்பார்களோ என்று எனக்குப் பயம். "கொழும்பு ஹோட்டல்ல குசினி வேல" என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்தேன். லீவில் வரும்போதெல்லாம் ஹட்டனிலேயே உடுப்பை மாற்றிக்கொண்டுதான் மலை ஏறுவார், எனக்காக. அம்மாவின் வைத்தியமும் என் கல்யாணமும் அவர் உழைப்பில் நடந்தவை. ஆனாலும் எங்கள் வீட்டில் ஒருவர்கூட அவருக்கு நன்றி சொன்னதில்லை.

ஓய்வு பெற்று வந்த பிறகு, ஒரு மழையில் மேல் லயத்தில் மண் சரிந்தது. ஆமிக்காரர்கள் வந்தார்கள். முழங்கால் வலியோடு அண்ணன் பள்ளிக்கூடத்தில் பெரிய சட்டி வைத்து எல்லோருக்கும் சோறு ஆக்கினார். அவர்கள் சிங்களத்தில் கேட்க, நம் சனங்கள் தமிழில் அழ, நடுவில் நின்று இரண்டையும் மாற்றிச் சொன்னார்.

"இந்த ஆமிக்காரங்க பழக்கமெல்லாம் ஒனக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்று பக்கத்துக் காம்பிரா அக்கா கேட்டார்.

"பதினெட்டு வருஷம் இவங்களுக்குத்தான் சோறு ஆக்குனேங்க்கா."

என் பொய் வெளியே வந்துவிட்டது. அக்காவோ, "அடப்பாவி! ஹோட்டல்காரருன்னு நெனச்சு ஒரு கொத்துரொட்டிக்கு எத்தன வருஷமா காத்துக் கெடந்தேன்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அடுத்த திருவிழாவுக்கு முன்னால் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். அண்ணன் பீலித் தண்ணீரில் குளிக்கப் போயிருந்தார்.

"தங்கச்சி, இந்த வருஷம் அண்ணனுக்கு அம்மன் பரிவட்டம் கட்டுறதா பேசியிருக்கோம். யூனிபோமோட வரச் சொல்லும்மா."

அத்தனை கூட்டத்தில், சாமி முன்னால், அந்த உடுப்போடு அண்ணன் தலையில் மரியாதைத் துணி கட்டுவதை நினைத்ததும் எனக்குப் பழைய பயம் திரும்பி வந்துவிட்டது. "அண்ணனுக்கு அதெல்லாம் புடிக்காதுங்க. வேணாம்னுட்டாரு" என்றேன். நான் அவரிடம் கேட்கவே இல்லை.

திருவிழா அன்று காலை பார்த்தால், என் பெட்டியிலிருந்து எடுத்த சீருடை தேய்த்த மடிப்போடு கொடியில் தொங்குகிறது.

"என்னாண்ணே இது?"

"தலைவரு கூப்புடுவாருன்னு பேசிக்கிறாங்க பாப்பா."

"அது வேற ஆளுக்காம்ணே."

"அப்பிடியா?" என்று சட்டையை மடித்து என் கையில் தந்தார். "சரி, பெட்டியிலயே வச்சிரு."

பிறகு கடைத்தெருவில், "ஆமிக்காரருக்குத் தலக்கனம், சாமி மரியாதையையே வேணாம்னுட்டாரே" என்று பேச்சு கிளம்பியது. அண்ணன் காதிலும் விழுந்திருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்தவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தேத்தண்ணி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

போன வருடம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். பக்கத்திலேயே இருந்தேன். உண்மையை நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்துவிட்டேன். நான்காம் நாள் அவர் இல்லை.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், மழையில் வழுக்கும் படிகளில் பாடையைச் சுமந்த இளைஞர்களுக்கும் நன்றி. வெலிமடையிலிருந்து வந்து, என்னையும் தங்கையாக்கி, "நங்கி, ஒங்க அண்ணா எங்களுக்குச் சாப்பாடு குடுக்காம ஒருநாளும் தான் சாப்புடல்ல" என்று அழுத அவருடைய இராணுவ நண்பருக்கும் நன்றி. அவர் சொன்ன பிறகுதான் அண்ணனைப் பற்றி எனக்கே தெரிந்தது.

கோயில் தலைவர் அவர்களுக்கும், அண்ணனைத் தலைக்கனம் பிடித்தவர் என்று நினைத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் மறுக்கவில்லை. சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டு, நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தார். வேண்டாம் என்றது நான்.