மழை சொல்லும் சேவல்

அம்மாவின் தம்பி துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது எனக்கென்று கொண்டுவந்தது ஒரு சேவல் பொம்மை. வால் நல்ல நீலம். மழை வரப்போகிறதென்றால் அது ரோஸ் நிறமாகிவிடும் என்று பரளச்சியில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவைத்தார் மாமா. மழையே அபூர்வமான எங்கள் ஊரில் அப்படிச் சொல்வதற்கே தனித் துணிச்சல் வேண்டும். இரண்டு மாதமாகியும் வால் நீலமாகவே இருந்தது.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மிளகாய் வற்றல் வியாபாரம். வீட்டுக்குப் பின்னாலிருந்த களத்தில் வற்றல் காயப்போடும் பெண்களுக்குச் சேவல்தான் பொழுதுபோக்கு.

"தம்பி, ஒங்க சேவலும் நம்ம ஊரு மாதிரி மழையவே பாத்ததில்ல போல" என்பார்கள் மாமாவிடம்.

மாமா சிரித்துக்கொள்வார். ஆனால் கடைசி வாரம் களத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். எனக்குத் தாங்கவில்லை.

அவர் கிளம்ப நான்கு நாள் இருக்கையில், அம்மா இட்லிச் சட்டியைத் திறந்தார். பக்கத்திலிருந்த சேவலின் வால் லேசாக ரோஸானது. அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் சேவலை ஆவியில் நன்றாகக் காட்டிவிட்டு, மாமாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் செருப்புகூடப் போடாமல் களத்துக்கு ஓடினார்.

"மச்சான், மழை வருது. சேவலப் பாருங்க."

அத்தா வானத்தைப் பார்த்தார். பொட்டு மேகம் இல்லை. சேவலை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"மாப்ளே சொன்னா சரியாத்தான் இருக்கும். அள்ளுங்க" என்றார்.

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே அள்ளினார்கள். மாமாவும் தும்மித் தும்மி மூட்டை கட்டினார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் தும்மி நான் பார்த்ததில்லை. பாதி அள்ளியிருப்போம், வெயிலில் வைத்திருந்த சேவல் எல்லார் கண்ணெதிரிலும் நீலமாகிவிட்டது.

"மழை அருப்புக்கோட்டைப் பக்கம் திரும்பிருச்சு. அதுக்குச் சேவலு என்ன செய்யும்" என்றார் அத்தா.

முதலில் சிரித்தது மாமாதான். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு எல்லாருக்கும் டீ வந்தது. அள்ளிய வற்றலைத் திரும்பவும் பரப்பினோம்.

கல்லூரியில் வேதியியல் படித்தபோது சேவலின் சூட்சுமம் தெரிந்தது. வாலில் பூசிய உப்பு, காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டால் ரோஸ். வெப்பம் அந்த நீரை விரட்டினால் மறுபடி நீலம். எந்தப் பக்கம் கை ஓங்குகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்து, இரண்டு பக்கமும் போய்வரும் வினை. நாளைய மழையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அது சுலபமாகப் புரிந்துவிட்டது. காற்றை மோந்தே மழை சொல்லும் அத்தா, இட்லி வாசம் அடிக்கும் ஒரு பொம்மைக்காக அத்தனை வற்றலையும் ஏன் அள்ளச் சொன்னார் என்பதுதான் புரியப் பல வருடம் ஆனது. அதுவரை அவரைச் சேவல் ஏமாற்றிவிட்டதாக நினைத்துப் பெருமையாகத் திரிந்தேன்.