பெட்டி எண்ணிய நடை

இந்த ஊர்க்காரர்கள் எதையும் எண்ணாமல் விடமாட்டார்கள். மெல்போர்னுக்கு வந்த இரண்டாம் வருடம், என் நாலு வயது மகள் வள்ளியின் இடுப்பில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டாள் ஹெலன். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள். பிள்ளை எவ்வளவு அசைகிறாள் என்று பெட்டி ஏழு நாள் எண்ணுமாம். எங்கெங்கே போனோம் என்று நான் தாளில் எழுத வேண்டுமாம். நம் பக்கம் பிள்ளை தின்னும் இட்லியை எண்ணினாலே கண் பட்டுவிடும் என்பார்கள். ஆனாலும் தலையாட்டினேன்.

எட்டாம் நாள் பெட்டி காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு ஹெலன் "மார்வலஸ்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடைவண்டியைப் பிடித்து வள்ளி நன்றாகவே நடமாடுகிறாளாம். நான் பார்த்ததில்லை. ஆனாலும் மெஷின் பொய் சொல்லுமா? நான் அடுப்படியில் நிற்கும்போது நடக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன். அன்றைக்கே எம்.ரெட்டியபட்டியில் இருக்கும், என்னைப் பெத்த அய்யாவுக்குப் போன் போட்டேன்.

அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். இரண்டு வயதாகியும் வள்ளி நிற்கவில்லை என்று, யாரோ சொன்னதைக் கேட்டு, பருத்திக்காட்டு ஓரத்தில் குழி தோண்டி, அவளைத் தினமும் கொஞ்ச நேரம் இடுப்புவரை ஆற்றுமணலில் புதைத்து நிறுத்தியவர் அய்யா. கால் ஊன்றும் என்று நம்பினார். பிள்ளை மூச்சுமுட்டக் கதறினாள். மூன்றாம் நாள் நான் பிடுங்கி இடுப்பில் வைத்தேன், அப்புறம் இறக்கவே இல்லை. அருப்புக்கோட்டை பஸ்ஸில் யாராவது "புள்ளைய எறக்கி விடு தாயி, இடுப்பு ஒடிஞ்சிரும்" என்றால், "என் இடுப்பு, நான் பாத்துக்கிறேன்" என்று சண்டைக்குப் போவேன்.

போனில் அய்யா அழுதார். "அன்னைக்குப் புள்ளையக் கதற விட்டேனே, அந்தப் பாவம் இன்னைக்குத்தான் எறங்குச்சு தாயி."

அடுத்த வாரம் ஹெலன் வீட்டுக்கு வந்தாள். டீ போட எழுந்த நான் வழக்கம்போல் வள்ளியைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். ஹெலன் என்னையே பார்த்தாள்.

"கடைக்கும் பார்க்குக்கும் இப்படித்தான் போனீர்களா?"

"வேறு எப்படிப் போவது?" என்றேன்.

அவள் திட்டவில்லை. பெட்டி எண்ணியது என் நடையை என்று மெதுவாகச் சொன்னாள். வள்ளியைத் தூக்காமல் மறுபடி எண்ணினோம். முதல் நாள் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இங்கே தூக்காமல் இருப்பதுதான் பாசமாம், என்னைப் போல வந்தவர்களே, நீங்களாவது கற்றுக்கொண்டீர்களா?

மூன்று வாரம் கழித்து ஒரு பார்சல் வந்தது. வள்ளிக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி அனுப்பியிருந்தார் அய்யா. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டார்:

"போட்டு விட்டியா? நடக்கச் சொல்லு தாயி, சத்தத்தக் கேட்டுக்கிறேன்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு கையில் ரிசீவரும் மறு கையில் கொலுசுமாக, அடிக்கு ஒரு குலுக்கலாக, வயர் எட்டுகிற தூரம்வரை போய்ப் போய் வந்தேன்.

"போதும் தாயி, புள்ளைக்குக் காலு வலிக்கும்" என்றார் அய்யா.

அங்கே என் மகள் நடந்துகொண்டிருந்தாள். இங்கே அவள் தரையில் படுத்தபடி, தூக்கச் சொல்லி என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.