பூக்கட்டிப் பார்த்த மரம்

மரம் விழுமா என்று பார்த்துச் சொல்லச் சம்பளம் வாங்கும் நான், ஒருமுறை அந்த வேலையைச் சாமியிடமே விட்டுவிட்டேன். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே நின்ற பெரிய டர்பன்டைன் மரம் அது. சுத்தியலால் தட்டினேன், என் தலையைப் போலவே உள்ளே வெறுங்கூடு.

"வெட்டணுங்க" என்றேன்.

மரத்தடியில் முனியாண்டிக்குக் கல் நட்டுக் கும்பிட்டுவந்தவர், லயத்தின் கோடி அறையான கடைசிக் காம்பராவில் குடியிருந்தவர், விடவில்லை. "பூக்கட்டிப் பாப்போம் சேர். செவப்பு வந்தா வெட்டுங்க."

சிவப்பையும் வெள்ளையையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கல்முன் போட்டு ஒன்றை எடுத்ததில், வெள்ளைப்பூ வந்தது. நானும் விழுந்து கும்பிட்டு, கொடுத்த பொங்கலைத் தின்றுவிட்டு, அறிக்கையில் 'அவசரமில்லை' என்று எழுதினேன்.

ஆடிக் காற்றில் மரம் அவருடைய காம்பராமீதே சாய்ந்தது. அவர் உள்ளே படுத்திருந்தார், பிழைக்கவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனேன். அவர் மனைவி உட்காரச் சொல்லவில்லை.

"அவருதான் சாமிக்குப் பயந்தாரு. எல்லாந் தெரிஞ்ச ஒங்களுக்கு என்னா கேடு சேர்?"