ரக்ஷனாவின் பிரசவத்துக்கு யார் துணை?

சிங்கப்பூர் தேக்காவில் புருவம் திருத்தும் கடை வைத்திருக்கிறாள் ரக்ஷனா. மேலுதட்டு ரோமம் எடுக்க வரும் பெண்ணுக்குக்கூடத் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் நூலைக் கையில் எடுப்பாள். அப்படிப்பட்டவளின் பிரசவத்துக்கு, புக்கிட் பாஞ்சாங் வீட்டில் உட்கார்ந்து மாமியார் வசந்தகுமாரி கல்யாண வீடியோவுக்குப் போடுவதுபோல் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவரைத்தான் விடுவார்கள். அது யார் என்பதை ரக்ஷனா தன் பிரசவத் திட்டப் படிவத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

"என் பேரை எழுதும்மா. போனை நான் பிடிச்சுக்கறேன். தஞ்சாவூர்ல எல்லாரும் லைவ்ல பாக்கணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க."

"எதை அத்தை பாக்கணும்?"

"குழந்தை வெளிய வர்றதைத்தான். இதுல என்ன வெக்கம்? எல்லாம் நம்ம சொந்தக்காரங்கதானே!"

அந்தச் சொந்தக்காரர்களில் பெரியப்பா, சித்தப்பா, மச்சான்கள் எல்லாரும் அடக்கம். ரக்ஷனா கணவன் நிதீஷைப் பார்த்தாள். ரத்தத்தைக் கண்டாலே மயங்கி விழுகிறவன், வாழைப்பழ பஜ்ஜியை மென்றபடி, "அம்மா ஆசைப்படறாங்க, ஓகே சொல்லிடு லா," என்றான். எண்ணெய் மினுங்கிய அந்த வாயைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"துணைக்கு யாரும் வேண்டாம், படம் எடுக்கக் கூடாது," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"தனியாவா பெத்துக்கப் போறே?" என்று மாமியார் பதறினார்.

"நர்ஸ் இருக்காங்க அத்தை. அவங்க லைவ் போடமாட்டாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, தனியாக வலி தாங்குவதை நினைத்தால் அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதியதை அவள் அடிக்கவில்லை.