டிக்கண்ணன் பட்டம் வாங்கிய விதம்

எங்கள் கல்லூரியில் ஒரு வசதி இருந்தது. ஒரு பாடம் தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைப்பவர் வகுப்புக்கு வர வேண்டாம். கட்டணம் கட்டி, தேர்வு எழுதித் தேறினால், அந்தப் பாடம் அவர் கணக்கில் ஏறிவிடும். வேலை பார்த்தே விஷயம் கற்றவர்களுக்காக இதை ஏற்படுத்தியதாகச் சொன்னார்கள். பதிவுப் பிரிவில் நான் இருந்த காலம் முழுவதும் அப்படிப்பட்டவர் எவரும் என் ஜன்னலுக்கு வரவில்லை. வந்தவர் டிக்கண்ணன்.

குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்குத் தண்ணீர்ப் புட்டிகள் கொண்டுவருவது அவர் வேலை. தெருக்குழாய்களில் பிடித்து, சீட்டு ஒட்டி, பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவர் ஒட்டிய சீட்டு பாதி வழியிலேயே உரிந்துவிடும் என்று கூடத்தில் சொல்வார்கள். ஆனால் நான்கு விடைகளில் ஒன்றுக்கு டிக் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெயர் வந்தது அதனால்தான். கேள்வியை அவர் முழுதாகப் படிப்பதில்லை. எந்த விடை நீளமோ அதுதான் சரி. கடைசியில் 'மேலே உள்ள அனைத்தும்' என்று இருந்துவிட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை. அவர் கற்ற கல்வி மொத்தமும் இதுதான். மேடைப்பேச்சு என்ற பாடத்தில்கூட வாயைத் திறக்காமலே தேறினார்.

ஒவ்வொரு முடிவு வந்ததும் என் ஜன்னலுக்கு வந்து, ஓட்டலில் கேட்பதுபோலக் கேட்பார்.

"சார், உலக வரலாறு முடிஞ்சுது. அடுத்து என்ன இருக்கு?"

"வேதியியல் இருக்கு. ஆனா அதுல செய்முறை உண்டு."

"அதுக்கும் டிக்தானே?"

டிக்தான். அந்த வெட்கக்கேடு எங்கள் கல்லூரியைச் சேர்ந்தது. செய்முறைத் தேர்வையும் காகிதத்திலேயே நடத்தலாம் என்று ஒரு முதல்வர் முடிவுசெய்திருந்தார். கண்ணாடிக் குடுவைகளைவிடக் காகிதம் மலிவு அல்லவா. டிக்கண்ணன் தொண்ணூற்றாறு மதிப்பெண் வாங்கினார். அத்துடன் அறிவியல் பட்டமும் கைக்கு வந்தது.

பட்டத்தைக் காட்டி, அதே கூடத்தில் சோதனையாளர் பதவியைப் பிடித்தார். ஆறு மாதம் தகுதி பார்ப்பார்கள். தேறாவிட்டால் பழைய பெட்டிக்கே திரும்ப வேண்டும். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வெள்ளைக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு, கல்யாண வீடுகளுக்குக்கூட அதோடு போனார்.

கூடத்தின் தலைமை வேதியியலர் எங்கள் கல்லூரியில் வகுப்புக்கு வந்து படித்த அம்மா. நடந்ததை என்னிடம் சொன்னது அவர்தான். டிக்கண்ணன் முன்னால் மூன்று புட்டிகளை வைத்தார். கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடுவைத் தண்ணீர் சிவப்பிலிருந்து நீலமாகும் சொட்டில் நிறுத்த வேண்டும். எவ்வளவு மருந்து இறங்கியதோ அதுதான் தண்ணீரின் கடினத்தன்மையைச் சொல்லும். நீலமான பிறகும் விட்டுக்கொண்டே இருந்தால் நீலம் நீலமாகத்தான் இருக்கும், கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

டிக்கண்ணன் குழாயைத் திறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார். பிறகு அறிக்கை சொன்னார்.

"ஒண்ணு நல்ல தண்ணி மேடம். ஒண்ணு சுமார். இந்த மூணாவது வாயில வைக்க லாயக்கில்ல."

"மூணும் ஒரே வாளியில மொண்டது."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்போ வாளியிலதான் ஏதோ கோளாறு."

"ஆறு மாசத்துக்குள்ள கத்துக்கிட்டு வாங்க. இல்லன்னா பெட்டியத் தூக்குங்க" என்றாராம் அந்த அம்மா.

அதன் பிறகுதான் அவர் மனைவியோடு என் ஜன்னலுக்கு வந்தார். முதல்முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

"சார், சாயங்கால வகுப்புல வேதியியல் செய்முறை நடக்குதாமே. அதுல சேரணும்."

பதிவைப் புரட்டினேன். "சேர முடியாது. அந்தப் பாடத்துல நீங்க தேறிட்டீங்க. தேறினவங்கள மறுபடி சேக்கறதில்ல."

"எனக்குத்தான் அது தெரியாதே சார்."

"தெரியும்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தொண்ணூத்தாறு வேற வாங்கியிருக்கீங்க."

மனைவி எட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தாறா? வீட்ல பல்பு மாட்டத் தெரியாத மனுஷனுக்கு யாரு சார் இத்தனை போட்டது?"

"நீ சும்மா இரு. சார், ஓரமா நின்னு பாத்துட்டுப் போறேனே."

"பேர் இல்லாத ஆள உள்ள விடமாட்டாங்க. ஒரு வழி இருக்கு. அந்தத் தேர்ச்சிய ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் குடுங்க, வகுப்புல சேத்துக்கலாம். ஆனா ஒரு வருஷம் கழிச்சு முறையாத் தேறுற வரைக்கும் பட்டம் செல்லாது. இந்தப் பதவியும் நிக்காது."

"எழுதிக் குடுங்க" என்றார் மனைவி. "ஒரு வருஷம் பெட்டி தூக்கினா தேஞ்சா போயிடுவீங்க? கத்துக்கிட்டுப் போய் அந்தம்மா முன்னால நிமிர்ந்து நில்லுங்க."

படிவத்தை நீட்டினேன். டிக்கண்ணன் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அவர் எதையும் முழுதாகப் படித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். அந்தச் சில நொடிகள் அவரை மதிக்க நான் தயாராக இருந்தேன். அவசியம் வரவில்லை. படிவத்தை என் பக்கமே தள்ளிவிட்டார்.

"ஊரெல்லாம் பட்டதாரின்னு சொல்லியாச்சு சார். இப்போ இல்லன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

மனைவி அவருக்காகக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனார்.

ஆறு மாதம் முடிந்தது. கோட்டு பரணுக்குப் போனது, பெட்டி கைக்கு வந்தது. இதோடு ஆள் அடங்கினார் என்று நினைத்தேன். அடுத்த பருவத்துக்குக் கட்டணம் வாங்கத் தொடங்கிய அன்றே வந்து நின்றார்.

"சார், நிர்வாகவியல்ல செய்முறை உண்டா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு."

அதில் தொண்ணூற்றெட்டு. பரிசோதனைக் கூடத்துக்கு மேற்பார்வையாளர் வேண்டும் என்று வாரியம் தேடியபோது, பட்டமும் நிர்வாகப் படிப்பும் நீண்ட பணிக்காலமும் மூன்றும் சேர்ந்து இருந்தவர் இவர் ஒருவர்தான். பரணிலிருந்து கோட்டு இறங்கியது. அந்த அம்மா இப்போதும் சொட்டுகளை எண்ணி, அறிக்கை எழுதி, இவர் மேசைக்கு அனுப்புகிறார். அறிக்கையின் கீழே நன்று, சுமார், தகாது, மறுசோதனை என்று நான்கு கட்டங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு டிக் போடுவது மேற்பார்வையாளர் வேலை.

எங்கள் வீட்டில் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். அவர் வீட்டிலும் அப்படித்தானாம், மனைவியின் ஏற்பாடு.